கொங்கு ஊர் வரலாற்றுக்குப் பழைய செய்தித்தாள்: இணையமா, சந்தாவா, தரமணியா, எழும்பூரா?

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "வெள்ளைக்காரன் காலத்துப் பேப்பரெல்லாம் இப்ப நெட்லயே கிடைக்குதாமே, எதுலீங்க ஆரம்பிக்கறது? காசு கட்டணுமா? மெட்ராஸ் போயே ஆகணுமா?" கேட்கிறவர் முனைவர் பட்ட மாணவராக இருக்கலாம். கும்பாபிஷேக மலருக்கு 2 வாரத்தில் கட்டுரை கொடுக்க வேண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு சம்பவம் எந்த வாரத்தில் நடந்தது, அன்றைக்கு அதை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதைச் செய்தித்தாள் நன்றாகச் சொல்லும். என்ன முடிவெடுத்தார்கள், எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், யாருடைய நிலம் போனது என்பவற்றை அது அரைகுறையாகத்தான் சொல்லும். அந்த விவரம் அரசு ஆணைகளில் இருக்கிறது. ஆகவே கீழே சொல்லும் வழிகளைத் தேதி கண்டுபிடிக்கும் கருவி எது, சான்றாக நிற்கக்கூடியது எது என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஊர்ப் பெயர் அளவுக்கு அது இறங்குமா என்பது முதல் அளவுகோல். சென்னைச் செய்தி நிறையக் கிடைக்கும். காங்கேயமும் அந்தியூரும் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். எழுத்துத் தேடலை எவ்வளவு நம்பலாம் என்பது இரண்டாவது. பக்கத்தைப் படம் பிடித்து, கணினியே எழுத்தைப் படித்து வைத்திருக்கும். அது தவறாகப் படித்திருந்தால் செய்தி அங்கே இருந்தும் உங்களுக்குச் சிக்காது. மூன்றாவது, யாருடைய குரல் என்பது. தோட்டக்காரர் (தோட்ட முதலாளி), வக்கீல், மொழிபெயர்ப்பு அலுவலர், ஊர்க்காரர் என்று ஒவ்வொரு பத்திரிகைக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கிறார். நான்காவது செலவு. இதில் ரூபாயைவிட நாளும் கண்ணும்தான் அதிகம் செலவாகும்.

| வழி | ஊர் அளவு விவரம் | எழுத்துத் தேடல் | யார் குரல் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| இலவச அயல்நாட்டுத் தளங்கள் | குறைவு. பெரிய சம்பவம் மட்டும் | நல்லது, எழுத்துக்கூட்டலில் சறுக்கும் | தந்தி நிறுவனம், தோட்டக்காரர் | ஒரே தந்தி 30 பத்திரிகையில் |
| கட்டணத் தளங்கள் | நடுத்தரம் | நடுத்தரம் | லண்டன், பம்பாய் ஆங்கிலேயர் | தானாகப் புதுப்பிக்கும் சந்தா |
| சுதேசிப் பத்திரிகை வார அறிக்கைகள் (அரசு தயாரித்த ஆங்கிலச் சுருக்கம்) | நல்லது | நடுத்தரம் | மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த ஊர்க்குரல் | சுருக்கத்தை மூலம் என்று நம்பிவிடுவது |
| தமிழ் இதழ்கள், தரமணி (ரோஜா முத்தையா நூலகம்) | மிக நல்லது, கிடைத்தால் | பெரும்பாலும் இல்லை | ஊர், கட்சி, சாதி | பக்கம் பக்கமாகப் படிக்கும் நேரம் |
| அரசு ஆணைகள், எழும்பூர் (தமிழ்நாடு ஆவணக் காப்பகம்) | மிக நல்லது | இல்லை. அட்டவணை உண்டு | கலெக்டர் முதல் கிராம அதிகாரி வரை | பயணம், அனுமதிக் கடிதம் |

## தேடும் முன் தாலுகாவைச் சரிசெய்யுங்கள்

எந்த வழியில் போனாலும் இது பொது. இன்றைய மாவட்ட வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதிச் செய்தி தப்பிப்போகும். கரூர் தாலுகா 1910 வரை கோயமுத்தூர் மாவட்டம். அதன் பிறகு திருச்சிராப்பள்ளி. அதே ஆண்டில்தான் நாமக்கல்லும் சேலத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போனது. பின்னால் திரும்பி வந்தது. கொள்ளேகால் 1956இல் மைசூருக்குப் போகும் வரை கோயமுத்தூர் மாவட்டத்தின் தாலுகா. நீலகிரி 1868இல்தான் பிரிந்தது. ஈரோடு தனி மாவட்டமானது 1979இல், பெரியார் மாவட்டம் என்ற பெயரில். திருப்பூரை அன்றைய ஆவணங்களில் பல்லடம் தாலுகாவில் தேட வேண்டும். கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பழைய செய்திகளைச் சத்தியமங்கலம் தாலுகாவில் தேட வேண்டும்.

இதற்கான வழிகாட்டிகள் இலவசமாகவே இருக்கின்றன. நிக்கல்சன் எழுதிய கோயமுத்தூர் மாவட்டக் கையேடு (1887), லெ ஃபானு எழுதிய சேலம் கையேடு (1883), ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் (1918) மூன்றும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையச் சேகரத்தில் கிடைக்கும். அவற்றில் உங்கள் ஊர் வரும் பக்கங்களைப் படித்துவிட்டு, அங்கே ஊர்ப் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் முதல் தேடுசொல்.

## இலவச அயல்நாட்டுத் தளங்கள்: ட்ரோவ், நியூஸ்பேப்பர்எஸ்ஜி

ட்ரோவ் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தினுடையது. நியூஸ்பேப்பர்எஸ்ஜி சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் நடத்துவது. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அதில் இருக்கிறது. இரண்டுக்கும் காசு இல்லை, பக்கத்தைப் படமாகவே பார்க்கலாம்.

சிங்கப்பூர்ப் பேப்பரில் நம்ம ஊருக்கு என்ன வேலை என்று தோன்றும். சேலம், கோயமுத்தூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி வழியாக மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் குடியேற்ற முகாம்கள் இருந்தன. சேலத்தில் மழை பொய்த்தால் மலாயாத் தோட்டக்காரருக்கு அது ஆள் வரத்துச் செய்தி. கோயமுத்தூரில் பிளேக் வந்தால் அது கப்பலைத் தடுத்து நிறுத்தும் செய்தி. 1938இல் இந்திய அரசு உதவியோடு கூலியாட்கள் போவதைத் தடை செய்தது வரை இந்த இழை தொடர்கிறது. குடிபெயர்வு உங்கள் தலைப்பு என்றால் வேறெங்கும் போகும் முன் இங்கே வாருங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பக்கங்களும் அங்கேதான். இலங்கைத் தேயிலைத் தோட்டம் பக்கம் போனவர்களைத் தேடுவோருக்கு நூலகம் என்ற ஈழத்து இணையச் சேகரம் இதற்கு இணை.

ட்ரோவின் பயன் வேறு மாதிரி. 1872இல்தான் ஆஸ்திரேலியாவுக்குக் கடலடித் தந்தி வந்தது. அதற்கு முந்தைய இந்தியச் செய்தி கப்பலில் வந்தது. அச்சான தேதிக்கும் நடந்த தேதிக்கும் இடையில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். 1876-78 தாது வருஷப் பஞ்சம் தந்திக்குப் பிந்தியது. 1877இல் ஆஸ்திரேலிய நகரங்களில் சென்னை மாகாணப் பஞ்சத்துக்கு நிதி திரட்டினார்கள். நிவாரணக் குழுக்களின் கடிதங்கள், தந்திகள் அந்தப் பேப்பர்களில் அச்சாகின. கோயமுத்தூர், சேலம் நிலவரத்தை வெளியாள் கண்ணில் பார்க்க அது போதும்; கிராமத்துக் கணக்குக்குப் போதாது.

### தேடலில் எங்கே சறுக்கும்

எழுத்துக்கூட்டலில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். 'ஊர்' என்று முடியும் பெயர்களுக்கு அன்றைக்கு ஆங்கிலத்தில் இரட்டை 'ஓ' போடுவது வழக்கம்; இன்று 'யு'. கோயமுத்தூர், போத்தனூர், கரூர் மூன்றையும் இரண்டு விதமாகவும் தேட வேண்டும். கரூரைக் 'கே'க்குப் பதில் 'சி'யில் தொடங்கியும் பாருங்கள். ஈரோட்டுக்கு 'ஆர்' இரட்டித்த வடிவம் அதிகம். பவானிக்கு நடுவில் 'டபிள்யூ', கடைசியில் 'ஒய்'. பொள்ளாச்சி, அவினாசிக்கும் கடைசி எழுத்து 'ஐ', 'ஒய்' என மாறும். தாராபுரத்துக்கு 'டி'யை அடுத்த 'ஹெச்' பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, வரி முடிவில் உடைந்த சொல். பத்தி அகலம் குறைவு என்பதால் கோயமுத்தூர் போன்ற நீளமான பெயர் பாதியில் கோடு போட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். கணினி அதை இரண்டு துண்டாகப் படித்து வைத்திருக்கும். முழுப் பெயரைத் தேடினால் வராது; முதல் துண்டைத் தனியாகத் தேடினால் வரும்.

மூன்றாவது, மை பரவிய எழுத்து. 'ஆர்', 'என்' சேர்ந்து 'எம்' ஆகிவிடும்; 'இ' எழுத்து 'சி' ஆகிவிடும். இதற்கு ஒரே மருந்து, ஊர்ப் பெயரை விட்டுவிட்டுச் சம்பவத்தின் சொற்களைக் கொண்டு தேடுவது. ட்ரோவில் இரண்டு சொற்களை மேற்கோளுக்குள் போட்டு, பின்னால் அலைக்குறியும் (~) ஓர் எண்ணும் சேர்த்தால், அவை அத்தனை சொல் இடைவெளிக்குள் வரும் செய்திகளைக் காட்டும். கணினி எழுத்தை அங்கே பயனரே திருத்தவும் முடியும். உங்கள் ஊர்ச் செய்தியைத் திருத்திவிட்டு வந்தால் அடுத்து வருகிறவருக்கு முதல் தேடலிலேயே கிடைக்கும்.

ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்போம். 1921 நவம்பர் 19 இரவு, மலபார்க் கலவரத்தில் பிடிபட்ட மாப்பிள்ளை முஸ்லிம் கைதிகளை மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்துத் திரூரிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பலர் மூச்சு முட்டி இறந்து கிடந்தார்கள். இதைத் தேட வேண்டிய வழி இப்படி:

1. தேதி வரம்பு 1921 நவம்பர் 20 முதல் டிசம்பர் 31 வரை. அதற்கு மேல் விரித்தால் மலபார்க் கலவரச் செய்திகள் மூழ்கடித்துவிடும்.
2. இன்று வழங்கும் 'வேகன் டிராஜடி' என்ற பெயரைத் தட்ட வேண்டாம். அது பிறகு நிலைத்த பெயர். அன்றைய செய்தியில் 'மாப்பிள்ளா', 'கைதிகள்', 'ரயில்', 'மூச்சடைப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொற்கள்தான் இருக்கும்.
3. போத்தனூரைச் சேர்க்காமல் முதலில் தேடுங்கள். பிறகு சேர்த்துப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசமே எழுத்துக்கூட்டல் பிரச்சினையின் அளவைக் காட்டும்.
4. கிடைப்பவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் இறந்தோர் எண்ணிக்கையை மட்டும் முதலில் குறியுங்கள்.

அந்த எண்ணிக்கைதான் பாடம். பின்னால் வந்த நூல்களிலேயே 64, 67, 70 என்று மாறி மாறி வருகிறது. போத்தனூரில் இறந்து கிடந்தவர்கள் ஒரு கணக்கு. மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகு இறந்தவர்கள் அதற்கு மேல். முதல் தந்தியை மட்டும் பார்த்து எழுதியவர் சிறிய எண்ணைப் பிடித்துக்கொள்வார். அதே தந்தி 30 பத்திரிகையில் அச்சாகியிருப்பதைப் பார்த்து '30 சான்று' என்று எண்ணிவிடவும் கூடாது. அது ஒரே சான்று. முழு விவரத்துக்கு நாப் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கைக்குத்தான் போக வேண்டும். செய்தித்தாள் உங்களை அந்தக் குழு வரைக்கும் கொண்டுபோய் விட்டது; அதன் வேலை அவ்வளவுதான்.

தேடினேன், எதுவும் வரவில்லை, ஆகவே பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வேடுகளிலேயே பார்க்கலாம். இந்தத் தளங்களில் ஒரு தேடல் வெறுமையாகத் திரும்பினால் அது எதையும் நிரூபிக்காது.

## கட்டணத் தளங்கள்

பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் 2011இல் தொடங்கியது; பிரிட்டிஷ் நூலகத்தின் தொகுப்பு. இந்தியச் செய்திகளை லண்டனில் தொகுத்து வெளியிட்ட ஹோம்வார்ட் மெயில் அதில் உண்டு. அதிகாரிகளின் மாற்றம், தோட்டக்காரர் வீட்டுத் திருமணம், இறப்பு அறிவிப்பு இவற்றுக்கு இது உகந்தது. வால்பாறை, குன்னூர்த் தோட்டங்களின் பழைய உரிமையாளர்களையோ கோயமுத்தூர்க் கல்லறைகளில் இருக்கும் பெயர்களையோ துலக்க வேண்டியவர்கள் ஒரு மாதச் சந்தா கட்டலாம். மற்றவர்களுக்குக் கட்டிய காசுக்கு ஊர்ச் செய்தி குறைவு என்பதே எங்கள் கணிப்பு.

இதில் ஒரு சிக்கனம் உண்டு. தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பக்கத்தைத் திறக்கத்தான் கட்டணம். தேடல் முடிவில் இரண்டு மூன்று வரி, பத்திரிகைப் பெயர், தேதி தெரியும். அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு ட்ரோவில் அதே தந்தியைத் தேடினால் பல வேளை முழுச் செய்தி இலவசமாகக் கிடைத்துவிடும். பதிவு செய்தவர்கள் காசில்லாமல் பார்க்கக்கூடிய பக்கங்களும் அதில் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அந்த வடிகட்டியை முதலில் போடுங்கள். சந்தா கட்டுவதானால், எடுக்க வேண்டிய பக்கங்களின் பட்டியல் முழுதும் தயாரான பிறகு கட்டுங்கள். கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதமும் அட்டையிலிருந்து பவுண்டு கணக்கில் போகும்.

டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் 1838 முதலான பக்கங்கள் புரோக்வெஸ்ட் தளத்தில் இருக்கின்றன. தனியாள் வாங்கும் விலை அல்ல. பல்கலைக்கழக நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். பம்பாய்ப் பேப்பர் என்பதால் பருத்தி, நூல், மில் செய்திகளுக்கு அது பயன்படும்.

## வார அறிக்கைகள்: கொங்குக்காரர்கள் தொடங்க வேண்டிய இடம்

சென்னை மாகாண அரசு, தமிழ், தெலுங்கு முதலான மொழிகளில் வந்த பத்திரிகைகளைத் தன் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் படிக்கச் செய்து, வாரந்தோறும் ஆங்கிலத்தில் சுருக்கம் தயாரித்தது. 'இரகசியம்' என்று முத்திரையிட்டு அதிகாரிகளுக்குள் சுற்றிய தாள்கள் இவை. 1870களிலிருந்து வருகின்றன. இப்போது ஒரு பகுதியை இணையத்திலேயே படிக்கலாம். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் இருக்கும் தெற்காசியத் திறந்த ஆவணச் சேகரத்தில் முதலில் தேடுங்கள், சந்தா வேண்டியதில்லை. அங்கே விட்டுப்போன ஆண்டுகளுக்கு எழும்பூர்.

இதன் அருமை என்னவென்றால், மூல இதழ் அழிந்துபோன பத்திரிகையின் பேச்சு இங்கே மிஞ்சியிருக்கும். சே. ப. நரசிம்மலு நாயுடு கோயமுத்தூரிலிருந்து நடத்திய 'கோயமுத்தூர் கலாநிதி'யை வரிசை குலையாமல் ஓரிடத்தில் வைத்துப் படிப்பது நடக்காத காரியம். 1885 பம்பாய்க் காங்கிரசுக்குப் போன மனிதர், ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தவர். அவர் பத்திரிகை நகராட்சியைப் பற்றியும் போலீசைப் பற்றியும் என்ன சொன்னது என்பதை இந்த அறிக்கைகளில் தேடிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு அறிக்கையும் ஒரே அமைப்பில் இருக்கும்: அயல்நாட்டு அரசியல், உள்நாட்டு நிர்வாகம், சட்டம், சமஸ்தானங்கள், பயிர் நிலவரமும் மக்கள் நிலையும், மற்றவை. உள்நாட்டு நிர்வாகத்துக்குள் போலீஸ், நீதிமன்றம், சிறை, கல்வி, உள்ளாட்சி, நிலம், ரயிலும் பாசனமும் என்று உட்பிரிவுகள். எழுத்துத் தேடலை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் தலைப்புக்குரிய உட்பிரிவை ஓராண்டின் 52 அறிக்கைகளிலும் நேராகத் திறந்து படித்தால் இரண்டு நாளில் முடியும். தேடலில் வராதவை கண்ணில் படும். பஞ்சம், கிணற்றுப் பாசனம், வரித் தள்ளுபடி பற்றி எழுதுவோர் நிலம், பயிர் நிலவரம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பத்தியிலும் பத்திரிகைப் பெயர், ஊர், இதழ் தேதி மூன்றும் இருக்கும். பத்திரிகைகளின் பட்டியலோடு எத்தனை பிரதி விற்றது என்ற மதிப்பீடும் வரும்; அந்த எண்ணை மதிப்பீடு என்றே எழுதுங்கள்.

குறை என்னவென்றால், இது மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர் சொன்ன விலை மாதிரி. விற்றவர் கேட்டதும் வாங்கியவர் கொடுத்ததும் அவர் வழியாகத்தான் தெரியும். அரசைக் குறை சொன்ன பகுதி, கிளர்ச்சிக்கு வழிசெய்யும் என்று பட்ட பகுதி, ஒரு துறைக்குப் பயன்படும் புகார் ஆகியவற்றையே மொழிபெயர்ப்பாளர் எடுத்தார். தேர்த் திருவிழா, புத்தக விளம்பரம், சந்தை விலை, ஊர்ப் புலவரின் பாட்டு எல்லாம் விடுபட்டன. ஆகவே இதை மட்டும் படித்தால், அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை முழுக்க முழுக்க அரசோடு மல்லுக்கு நின்றது என்ற தோற்றம் வரும்.

சட்டங்களையும் கணக்கில் எடுங்கள். 1878ஆம் ஆண்டின் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளைக் கட்டியது, ஆங்கிலப் பத்திரிகைகளை விட்டது; ஆனால் தென்னிந்தியாவுக்கு அது பொருந்தவில்லை. வைசிராய் ரிப்பன் காலத்தில் அது நீங்கியது. 1910 பத்திரிகைச் சட்டம் ஜாமீன் தொகை கேட்டது. 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை கோயமுத்தூர்ச் சிறைக்கு வந்ததையும், 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் எரிந்ததையும் தேடும்போது, அச்சில் காணும் மௌனம் ஊரின் மௌனமா, தணிக்கையின் மௌனமா என்று கேட்டுப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

## தமிழ் இதழ்களின் மூலம்: தரமணி

சாதிச் சங்கம், சுயமரியாதை இயக்கம், கோயில் நுழைவு, மில் தொழிலாளர் போன்ற தலைப்புகளுக்கு ஆங்கிலம் உதவாது. 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழான சுதேசமித்திரன், 1925 மே 2இல் ஈரோட்டில் தொடங்கிய குடி அரசு போன்றவற்றைத் தமிழிலேயே படிக்க வேண்டும். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் (1994) இதற்கான முதல் முகவரி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய பழைய இதழ்களும் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும் முன் அதைத் துழாவிவிடுங்கள்.

நேரக் கணக்கைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வார இதழின் ஓராண்டு 52 இதழ். இதழுக்கு 8 பக்கம், பக்கத்துக்கு 2 நிமிடம் என்று கண்ணோட்டினாலும் ஏறக்குறைய 14 மணி நேரம். நுண்படச்சுருள் (மைக்ரோஃபிலிம்) முன்னால் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கண் தாங்காது. ஆக ஓராண்டுக்கு 3 நாள். நாளிதழ் என்றால் ஓராண்டை முழுதாகப் படிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, வார அறிக்கையிலிருந்து எடுத்த தேதிகளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பாருங்கள். வேண்டிய இதழ், ஆண்டு பட்டியலை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டுப் போவது நல்லது. படப் பிரதிக்கான விதியும் கட்டணமும் அப்போதே தெரிந்துவிடும். நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்ட்ரலில் இறங்கினால், எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறித் தரமணியில் இறங்கலாம்.

படமாகக் கிடைத்த தமிழ்ப் பக்கங்களைக் கணினியை வைத்து எழுத்தாக்கலாமே என்பார்கள். இன்றைய எழுத்துருவில் ஓரளவு தேறும் கருவிகள் பழைய அச்சில் தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய றா, னா, ணா வடிவங்களையும், லை, ளை, ணை, னை மேல் வளைந்த பழைய ஐகாரக் குறியையும் அவை வேறு எழுத்தாகப் படிக்கின்றன. விதிவிலக்காக, குடி அரசு 1935 ஜனவரியிலேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. அதற்குப் பிந்தைய இதழ்களில் பிழை குறையும்.

தேதியிலும் கவனம் வேண்டும். பழைய இதழ்களில் ௵, ௴, ௳ குறிகளோடு தமிழ் வருஷம், மாதம், தேதி இருக்கும். எண்களும் தமிழ் எண்களாக இருக்கலாம். 60 ஆண்டுச் சுழற்சியில் பிரபவ 1867இலும் 1927இலும் பிறக்கிறது, அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம். வருஷம் சித்திரையில் பிறப்பதால் மார்கழியின் பின்பாதி, தை, மாசி, பங்குனி ஆகியவை அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். 'தாது வருஷம் மாசி' என்று இருந்தால் அது 1877, 1876 அல்ல. பஞ்சச் சாவுகளைத் தேதி வாரியாக அடுக்குகிறவர்கள் இந்த ஓராண்டுப் பிழையில் அடிக்கடி விழுகிறார்கள்.

## எழும்பூர்

இங்கே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செய்தித்தாளுக்காகப் போவதில்லை. செய்தித்தாள் கொடுத்த தேதியோடு போவது. அரசு ஆணையைக் கேட்க துறை, எண், தேதி மூன்றும் வேண்டும். பத்திரிகைச் செய்தியின் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உரிய துறை அட்டவணைகளைப் புரட்டினால் எண் கிடைக்கும். ஆணை செய்திக்குச் சில மாதம் பிந்தித்தான் வரும் என்பதால் அடுத்த ஆண்டையும் பார்க்க வேண்டும். நிலம், வரி, பஞ்சம் என்றால் வருவாய்த் துறை, கூடவே ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள். நகராட்சி, தண்ணீர், பிளேக் என்றால் உள்ளாட்சித் துறை. கலவரம், சிறை என்றால் நீதி, பொதுத் துறைகள்.

1882 சேலம் கலவரத்தை எடுத்துக்கொண்டால் இந்த வரிசையின் பயன் தெரியும். ஆங்கிலேய வணிகர் பக்கம் நின்ற மெட்ராஸ் மெயில் ஒரு கதை சொல்லும். 1878இல் தொடங்கிய ஹிந்து வேறொன்று சொல்லும். கலவரத்தைத் தூண்டினார் என்று சேலம் வக்கீல் விஜயராகவாச்சாரியார் தண்டிக்கப்பட்டு, பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுபட்டார். இரண்டு பத்திரிகையையும் எதிரெதிரே வைத்துவிட்டு, நீதித் துறை ஆணைகளைத் திறந்தால்தான் யார் எதை விட்டுவிட்டு எழுதினார்கள் என்று தெரியும்.

கல்வி நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராகப் போய் நிற்காதீர்கள். எந்த நிறுவனத்தையும் சேராதவர்கள் முதலில் கடிதம் எழுதி விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் நாள் அட்டவணைக்கே போய்விடும். கட்டுகள் கைக்கு வருவது பிறகுதான். ஒரு நாள் பயணமாகத் திட்டமிட்டால் வெறுங்கையோடுதான் ரயில் ஏறுவீர்கள்.

## எந்த வேலைக்கு எது

கும்பாபிஷேக மலருக்கு 2 வாரத்தில் எழுத வேண்டுமா, செய்தித்தாளை விட்டுவிடுங்கள். கோயில் பற்றிப் பத்திரிகையில் பெரும்பாலும் வழக்குச் செய்திதான் வரும். கல்வெட்டுத் தொகுதிகள், 1860களின் இனாம் (மானிய நில) பதிவேடு, மாவட்டக் கையேடு மூன்றும் போதும்.

குடும்ப வரலாறா, அதுவும் செய்தித்தாளில் இல்லை. பட்டக்காரர், மில் முதலாளி, வக்கீல் வீடுகளைத் தவிர மற்றவர் பெயர் அச்சில் வருவது குற்றச் செய்தியிலும் விபத்திலும்தான். பத்திரப் பதிவு, நிலப் பதிவேடுகள் பக்கம் போங்கள்.

மில், ரயில், மேட்டூர் அணை (1925-34), 1932இல் வந்த பைக்காரா மின்சாரம் என்றால் கட்டணத் தளமும் எழும்பூரும். பஞ்சம், பிளேக், வரி, நகராட்சி என்றால் வார அறிக்கையில் தொடங்கி எழும்பூரில் முடியுங்கள். குடிபெயர்வுக்குச் சிங்கப்பூர்த் தளம். சமூக இயக்கங்களுக்குத் தரமணி, மாற்றே இல்லை. முனைவர் பட்டத்துக்கு 3 ஆண்டு கையில் இருக்கிறவர்கள் முதல் 3 மாதத்தை வார அறிக்கைகளுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தீர்மானிக்கலாம்.

## குறிப்பெடுக்கும்போது

இணைய முகவரியை மட்டும் சேமிக்காதீர்கள், அது மாறும். பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம், பத்தி எண் நான்கையும் எழுதுங்கள். கணினி எழுத்தை ஒட்டாமல் படத்தைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எண்களில்தான் 3 என்பது 8 ஆகியிருக்கும். படக் கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள், பத்திரிகை என்ற வரிசையில் பெயர் வைத்தால் கோப்புறையே காலவரிசையாக அமைந்துவிடும்.

பெயரில்லாமல் வந்த செய்திக்கு இந்தியப் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே 1947க்கு முந்தைய அத்தகைய செய்தியை மேற்கோள் காட்டச் சிக்கல் இல்லை. ஆனால் பக்கப் படத்தை நூலில் அச்சிட அந்தத் தளத்தின் விதியைப் பாருங்கள். வார அறிக்கையிலிருந்து எடுத்ததை மூல இதழ் என்று காட்டக் கூடாது. 'கோயமுத்தூர் கலாநிதி, இன்ன தேதி' என்று எழுதி, 'சென்னை அரசின் வார அறிக்கை, இன்ன ஆண்டு, இன்ன பத்தி வழியாக' என்று சேர்த்தே கொடுக்க வேண்டும்.